பெட்டிக்குள் வைத்த பொட்டு

இந்த விஜயதசமி காலையில் ஒரு மோட்டாரிடம் மாட்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள்... ‘மாட்டு வண்டியே போதும்’ என்று இதே பத்தியில் எழுதியவன் நான்தான். அதைச் சொல்லி இப்போது மடக்கக் கூடாது!

ஆழ்வார்திருநகரி அரிசி வியாபாரி ஒருவரின் பழைய மோட்டார் அது. பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றப் பலகை அடித்திருக்கிறார்கள். திருநெல்வேலி போக, டிரைவர் சுடலைமுத்துவின் பக்கத்தில் நான் இடம் பிடித்திருந்தேன். பின்னால் பலகைமேல் பேச்சியம்மாள். மடியில் பனையோலைப் பெட்டி நிறைய முறுக்கு. அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். மத்தியான ரயிலில் பம்பாய், அங்கிருந்து கப்பல். ஸ்டேஷனில் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சுடலைமுத்து முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். ஊகூம். மறுபடியும் சுற்றினான். ஊகூம்! அந்தக் கைப்பிடி சில சமயம் திருப்பி உதைத்து மணிக்கட்டையே முறித்துவிடும். அவன் விடவில்லை. உள்ளங்கை கன்றிச் சிவந்துவிட்டது.

கூட்டம் கூடாமல் இருக்குமா? ஆளுக்கொரு வைத்தியம். பெட்ரோல் இல்லை என்றார் ஒருவர் — இருந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னார் இன்னொருவர் — ஊற்றினோம். “கண்ணு பட்டிருக்கும்வே, எலுமிச்சம்பழம் சுத்திப் போடும்!” — அதையும் செய்தோம்.

பேச்சியம்மாள் ஓலைப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன்.

“முந்தாநாள் ஓடுன வண்டிதானவே? அதுக்கப்புறம் என்னவே செஞ்சீரு?”

“ஒண்ணும் செய்யலையே அண்ணாச்சி. தொடச்சேன், பூசை வச்சேன்... அம்புட்டுத்தான்.”

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு ஓடிவந்து, தன் ஆசனத்துக்கு முன்னால் இருந்த மரப்பெட்டியைத் திறந்தான். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்சாரச் சுருள்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கைப்பிடியைச் சுற்றினால் அவை வண்டுபோல ரீங்காரம் போட வேண்டும். அன்று காலையிலிருந்தே பெட்டி ஊமை. நாங்கள் போட்ட இரைச்சலில் அதை யார் கவனித்தது?

ஒவ்வொரு சுருளிலும், மின்சாரம் தாண்டுகிற முனையில், அழகாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காய்ந்து பொருக்காகியிருந்தது. மின்சாரம் எப்படிப் போகும்?

நமக்குப் பக்தி வந்துவிட்டால் மூடிக்கு மேலே ஒரு பொட்டு போதாது. குடல்வரைக்கும் வைத்தாக வேண்டும்!

திட்டத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“சித்தி, ஒம்ம பயணம் நல்லா அமையணும்னுதான் உள்ளவரைக்கும் வச்சேன்...” என்று கண் கலங்கினான்.

“அழுவாதலே. தொடச்சிட்டு வெரசா எடு,” என்றாள் பேச்சியம்மாள்.

துண்டால் துடைத்தான். சுற்றினான். பெட்டி ரீங்கரித்தது, எஞ்சின் உறுமியது. மோட்டார் சத்தம் கேட்டாலே ஒதுங்கிப் போகிறவள், அன்று வழியெல்லாம் “வெரசா, வெரசா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே ரயில் அசைய ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் ஜன்னலாக ஓடினாள். கடைசியில் ஒரு கை நீண்டது. “எம்மா!” ஓலைப் பெட்டி உள்ளே போனது. மகனின் விரலைப் பிடித்தாளா, தொட மட்டும் முடிந்ததா... தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது அவள்தான் சுடலைமுத்துவைத் தேற்றினாள். “எம் மவன் திரும்பி வாற அன்னைக்கும் நீதாம்லே வண்டி கொண்டாரணும். பொட்டை மட்டும் மேல வையி.”

இப்போது அந்தப் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். உள்ளே ஒரு தூசி கிடையாது — அந்த ஒரு நாளுக்காக அவன் தினமும் துடைத்து வைக்கிறான்.