பத்து ஜிபிக்கு மேல் கிடையாது

கம்ப்யூட்டர் பராமரிப்புத் தொழிலில் இயந்திரத்தைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் அதை உரிமையாளரிடமிருந்து காப்பாற்றுவதில் போகும். நீங்களும் இதே தொழிலுக்கு வந்த பாவத்தைச் செய்தவர்கள் என்பதால், மயிலாப்பூர் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

விஜயாவின் கை

அங்கே இருப்பது ஒரே கம்ப்யூட்டர். நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸும் ரிப்போர்ட் அச்சிடும் மென்பொருளும் அதில்தான். டேட்டாபேஸோ ஷேர் ஆட்டோவில் கால் பரப்பி உட்காரும் ஆசாமி. இருக்கிற நினைவகத்தையெல்லாம் தனக்கென்று எடுத்துக்கொள்ளும்; ரிப்போர்ட் மென்பொருள் இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வரும்.

ரிப்போர்ட் எடுத்துத் தருபவர் விஜயா. பொத்தானை அழுத்திவிட்டு அவர் காத்திருப்பது உரிமையாளர் டாக்டருக்குச் சோம்பலாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேகம் வராவிட்டால் வேறு ஆள் என்று கெடு வைத்துவிட்டார். நான் போனபோது ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சர்க்கரை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்து அலுத்து, விஜயாவிடம் சொன்னார்: "ரத்தம் எட்க்கும்போது இருந்த வேகம் பேப்பர் குட்க்கும்போது காணோமேம்மா. இப்டியே குந்திக்கினு இருந்தா சக்கரை தன்னால எறங்கிடும்போல கீது."

மருந்து

நான் நோயைச் சொல்லும் முன்பே டாக்டர் மருந்து எழுதிவிட்டார். எட்டு ஜிபி நினைவகம் பதினாறானது. செவ்வாய்க்கிழமை காலையில் ரிப்போர்ட்டுகள் பறந்தன. மதியத்துக்குள் டேட்டாபேஸ் புது எட்டையும் விழுங்கிவிட்டது.

"அளவு வைக்காவிட்டால் முப்பத்திரண்டு போட்டாலும் இதே கதைதான்" என்றேன். டாக்டர் யோசித்தார். விஜயாவுக்கு உடனே புரிந்தது: "எங்க வீட்லயும் டப்பா பெருசாச்சுன்னு முறுக்கு மிஞ்சறதில்ல சார்."

மாப்பிள்ளை

புதன்கிழமை, டேட்டாபேஸ் பத்து ஜிபிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அளவு வைத்தேன். அளவைத் தட்டும் கட்டத்தில் எண்ணை மெகாபைட்டில் தர வேண்டும்; ஒரு ஜிபிக்கு 1024 மெகாபைட், ஆகவே 10240. பிரிண்டர் மூச்சுவிடாமல் ஓடியது.

வியாழக்கிழமை டாக்டரின் மாப்பிள்ளை வந்தார். தரமணியில் ஐடி வேலை. நினைவகத்தில் கால்வாசி சும்மா கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், அளவைப் பதினாலு ஜிபி ஆக்க நினைத்து வெறும் 14 என்று தட்டினார். மயிலாப்பூரின் மொத்த ரத்தமும், கைப்பேசியில் நாலு புகைப்படம் கொள்ளும் இடத்துக்குள் வரச்சொல்லி உத்தரவு. ஒரு நோயாளியின் பெயர்கூடத் திரைக்கு வரவில்லை. டாக்டர் போனில் என்னைப் பிடித்தார்: "எங்காத்து மாப்பிள்ளை சும்மா பாத்துண்டுதான் இருந்தார். நீங்க என்ன பண்ணிட்டுப் போனேள்?"

கெடு

மறுபடி 10240. மாற்ற முடியாதபடி பூட்டி, கடவுச்சொல்லை விஜயாவிடம் மட்டும் கொடுத்தேன். மாப்பிள்ளை கேட்டால் மறந்துவிட்டதாகச் சொல்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை, நோயாளி பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அரைமணி நேரம் நின்று பார்த்தார். விஜயாவே இருக்கட்டும், வேறு ஆள் வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்: "பாத்தேளா, கெடு வெச்சதும் கை எப்படி வேகமாயிடுத்து."

டேட்டாபேஸுக்கு அளவு வைக்க ஒரு கட்டமாவது இருக்கிறது. அதன் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய மாப்பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்றை இன்னும் யாரும் செய்து தரவில்லை.