கல்லறைத் திருநாளில் வற்றிக் கிடந்த ஓடை

நவம்பர் இரண்டாம் தேதி காலை திருச்சியில் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் நின்றபடியே வந்து காஞ்சிபுரத்தில் கால் வைத்தபோது மணி இரண்டு. பட்டுப்புடவை வேண்டுமா என்று பேருந்து நிலையத்திலேயே மூன்று பேர் கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்றதும் மூன்றாமவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

செவிலிமேட்டுப் பக்கம் தேவாலயம், பள்ளிவாசல், அம்மன் கோயில், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் ஆகிய நான்கு இடத்து ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்து, தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். நான் லேசில் நம்பவில்லை. சமய நல்லிணக்கம் என்றால் எனக்குத் தெரிந்தது மேடை, சால்வை, குழுப்படம், கடைசியில் புளியோதரை. அதையும் பார்த்துவிடுவோம் என்றுதான் கிளம்பினேன்.

நண்பர் அனுப்பிய ஆட்டோக்காரர் ரஃபீக் பாயும் அந்தக் குழுவில் ஒருவர். செவிலிமேட்டுக்கு நூற்றிருபது ரூபாய். குழுவின் ஆள் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கூட்டம் எப்போதும் மாலை நாலரைக்குமேல்தான் நடக்கும் என்றார். பாய் அஸர் தொழுகை முடித்து வந்து, பொழுது சாயும்போது தொழும் மஃரிபுக்குள் திரும்ப வேண்டும். தரணேந்திரன் சமணர்; பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். ஸ்டெல்லா சத்துணவுக்கூடத்தில் சமைப்பவர், வேலை முடிந்துதான் வர முடியும். எல்லோருக்கும் கழித்துக்கொடுத்தால் மிஞ்சுவது ஒரு மணி நேரம். சண்டை, சமாதானம், தீர்மானம் எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும்.

இன்றைக்கு விஷயம் ஓர் ஓடை. இந்தக் கரையில் குடியிருப்பு, அந்தக் கரையில் கல்லறைத் தோட்டம். ஐப்பசி மழையில் ஆளை இழுக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடும். கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் ஐப்பசியில்தான் வருகிறது. நான்கு வருடமாக ஸ்டெல்லா தன் கணவருக்கு இந்தக் கரையிலிருந்தே ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறார். ஒரு சிறு பாலம் கேட்டு மனு மேல் மனுவாகப் போயிருக்கிறது. பார்வையிட வருகிற அதிகாரியோ ஒவ்வொரு முறையும் கோடையில் வந்து, செருப்பு நனையாமல் ஓடையைக் கடந்து, ‘பாதை உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போவார். அதனால் இந்த முறை புதிதாக வந்த பொறியாளரிடம் கெஞ்சிக் கேட்டு, திருநாளன்றே வரச் செய்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு ஓடைக்கரைக்குப் போனால் தண்ணீரைக் காணோம். மழை பொய்த்துவிட்டது. வெறும் சேறும், நடுவில் கணுக்காலளவு ஈரமும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாமந்திப் பூவும் மெழுகுவத்தியுமாக ஊரே சிரித்துப் பேசி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“நல்லா மாட்டிக்கினோம் சார்,” என்றார் பாய். “இந்த ஒரு வருஷம் மழை வேணும்னு எல்லா எடத்துலயும் கேட்டோம். மேல யாரும் காதுல போட்டுக்கல.”

கரையில் ஒரு பெண்மணி மட்டும் நகராமல் நின்றார். அவர்தான் ஸ்டெல்லா. ஐம்பது வயதிருக்கும். கையில் மெழுகுவத்திப் பொட்டலம். அக்கரையில் ஒரு வேப்பமரத்தைக் காட்டி, அதன்கீழே நீலச் சிலுவை தெரிகிறதே, அதுதான் அவர் என்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நீ போய்ட்டு வாம்மா, நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று தரணேந்திரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர், மெல்லப் பேசுகிற மனிதர். ஸ்டெல்லா கேட்கவில்லை.

“நான் அந்தாண்ட நின்னா, அந்த சாரு வந்து ‘அதான் போயிட்டியேம்மா’ன்னு எழுதிடுவாரு,” என்றார். இரண்டு மணி நேரம் அந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொறியாளர் வந்தபோது ஐந்தாகிவிட்டது. இளைஞர், கெட்டவரில்லை. தண்ணியே இல்லையே என்றார். தரணேந்திரன் கரையோரக் கொட்டகையிலிருந்து சவப்பெட்டி தூக்கும் மரச்சட்டத்தை எடுத்துவந்து வைத்தார். அதன்மேல் இரண்டு சாக்கு மணல், ஓர் ஆள் எடை. மணல் அம்மன் கோயில் திருப்பணிக்கு வந்தது. அப்படியே திரும்பி வர வேண்டும் என்ற கண்டிப்போடு கோயில்காரர்கள் கொடுத்திருந்தார்கள். “நீங்க ஒரு மூல புடிங்க சார். தூக்கிக்கினு போய்ப் பாத்துட்டு, அப்பறம் எழுதுங்க,” என்றார் தரணேந்திரன். பொறியாளர் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டுப் பேன்ட்டைச் சுருட்டினார். பாயும் தரணேந்திரனும் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். உயரம் ஒத்துப்போகிறதென்று நான்காவது மூலை எனக்கு வந்தது.

என் அப்பாவுக்கு நான் தோள் கொடுத்ததில்லை. கண்ணாடி வண்டி வந்தது, மின்மயானம் போனோம், அஸ்தியைக் காவிரியில் கரைத்தோம். எல்லாம் சுத்தமாக, சீக்கிரமாக முடிந்தது. தூக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. செவிலிமேட்டில் யாரோ ஊர்க்காரர்களின் மரச்சட்டம் தோளில் அழுந்தியது. அப்பா இவ்வளவுதான் கனத்திருப்பார்.

பாதி ஓடையில் பொறியாளரின் கால் முழங்கால்வரை புதைந்தது. சட்டம் சாய்ந்தது. சாக்குகள் இரண்டும் சரிந்து விழுந்து, ஒன்று பிய்ந்து மணல் சேற்றோடு போனது. கோயில் மணல் போச்சே என்று பாய் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஸ்டெல்லா கரையைவிட்டு எங்களிடம் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“எங்க வூட்டுக்காரரும் இங்கதான் வுழுந்தாரு சார்,” என்றார். “அன்னிக்கு இடுப்பளவு தண்ணி. பொட்டி தொறந்துக்கினுச்சு. நனைஞ்ச துணியோடதான் பொதைச்சோம். அவருக்குக் குளுருமேன்னு நெனச்சிக்கினேதான் தெனம் படுக்கிறேன்.”

பொறியாளர் சேற்றில் நின்றபடியே மனுக் காகிதத்தை வாங்கினார். பாலம் எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, நிதி மேலிடத்தில் இருக்கிறது என்றார். ஆனால் எழுதினார்: பாதை இல்லை. ஸ்டெல்லா அந்த இரண்டு சொல்லையும் விரலால் தொட்டுப் படித்தார். பிறகுதான் அக்கரைக்கு நடந்தார்.

பொழுது சாய்ந்துவிட்டது. பாய் பாட்டில் தண்ணீரில் கைகால் கழுவிக்கொண்டு கரையிலேயே தொழுகைக்குத் துண்டை விரித்தார். தரணேந்திரன் பிரிக்காத இட்லிப் பொட்டலத்தை என்னிடம் தந்து, “எனக்கு இனி நாளைக்குத்தான், நீங்க சாப்பிடுங்க,” என்றார். வேப்பமரத்தடியில் ஒரு சுடர் தெரிந்தது. வெகுநேரம் அது அசையாமல் எரிந்தது.

திரும்பி வந்த ஸ்டெல்லா பொட்டலத்தில் மிஞ்சிய ஒரு மெழுகுவத்தியை என் கையில் வைத்தார். “உங்களுக்கும் யாராச்சும் இருப்பாங்க இல்ல, எடுத்துக்கினு போங்க.”

மறுநாள் மாலை திருச்சியில் காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினேன். அகலமான, நல்ல பாலம். வெள்ளம் வடியட்டும் என்று நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மெழுகுவத்தி சட்டைப்பையில் இருந்தது. கீழே, அப்பாவைக் கரைத்த ஆற்றில், இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அதோ அதுதான் அவர் என்று கைகாட்ட ஒரு வேப்பமரம் தேடினேன்.