ஆலிஸ் மிஸ்ஸி வாங்கிய பிரெஞ்சுக் கார்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பத்து காஜா ஊரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள் ஆலிஸ் மிஸ்ஸி. புருஷன் கஸ்பார் சைக்கிள் மிதிக்க, பின்னால் உட்கார்ந்து போவாள். டயர் கிடைக்காமல் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிள். பிள்ளை பெறுகிறவளைவிட அவள் இடுப்புதான் அதிகம் வலித்தது. கார் வாங்கியே தீர்வதென்று கிளம்பினாள்.

நல்ல வண்டிகளை எல்லாம் ஜப்பான்காரன் பிடுங்கிவிட்டான். மிஞ்சியது ஈப்போ ஜவுளிக்கடை சேவுகன் செட்டியாரிடம் இருந்த பிரெஞ்சுக் கார். ஓடிப்போன துரை விட்டுச் சென்றது. பெட்ரோல் இல்லாததால் பின்னால் கரியடுப்பு கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சேவுகன் அதற்கு ஒரு தையல் மெஷினும் இரண்டு ஆடும் கேட்டார்.

"கலர பாரு ஆலிஸ், மாப்பிள்ள மாதிரி நிக்குது லா!" என்று உருகினான் கஸ்பார். லாரி ஓட்டிய நாளில் வண்டிக் கோளாறுகளைப் பற்றி அவன் சாப்பாட்டு நேரத்தில் புலம்பிய புலம்பலெல்லாம் ஆலிசுக்கு மனப்பாடம். அவன்தான் மறந்துவிட்டான்.

ஆலிஸ் பானட்டில் கை வைத்தாள். சுட்டது.

"நாங்க வாரதுக்கு முன்னாலேயே ஓட்டிச் சூடேத்தி வச்சீங்களா, செட்டியாரே? ஆறட்டும். ஆறின எஞ்சின் கிளம்புதான்னு பாக்கணும்."

ஆறுவதற்குள் எண்ணெய்க் குச்சியை உருவினாள். பால் காப்பி நிறம். "எண்ணெயில தண்ணி கலக்குது. ஒரு ஆட்ட மறந்துருங்க."

உள்ளே ஏறி, தரையில் விரித்திருந்த மிதியடியை நகர்த்தினாள். துருப்பிடித்த தரை வழியாக அவள் கால் தெருவைத் தொட்டது.

"காத்தோட்டத்துக்கு விட்டது, மிஸ்ஸி," என்றார் சேவுகன்.

"அப்ப ரெண்டாவது ஆடும் காத்தோட போச்சு."

விளக்குச் சுவிட்சைப் போட்டாள், ஹாரன் அலறியது. "ஒயரு பழுதானா சாமான் வாங்க பிரெஞ்சுக்காரன் ஊரு சைகோனுக்கா போறது?"

எஞ்சின் ஆறியபின் நாலு பேர் தள்ளித்தான் கார் கிளம்பியது. ஆனாலும் மெஷினைக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். சைக்கிளை நினைத்தாலே இடுப்பு வலித்தது.

திரும்பும் வழியில் லஹாட் முனையில் ஜப்பான் அதிகாரி மறித்தான். இருவரையும் இறக்கிவிட்டு அவனே ஏறினான். ஆலிஸ் குனிந்து வணங்கி நின்றாள். கார் தவளைபோல் குதித்து நின்றது. கண்டதைத் திருகினான், ஹாரன் ஓயவில்லை. தரை ஓட்டை வழியே கரிப்புகை எழும்பியது. மூஞ்சி கறுத்து, இருமிக்கொண்டு இறங்கியவன், "பக்கேரோ!" என்று திட்டி, சக்கரத்தை உதைத்துவிட்டு, தள்ளிக்கொண்டு போகச் சொன்னான்.

வளைவு தாண்டியதும் ஆலிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கஸ்பாருக்குத்தான் ஆறவில்லை. "புது வண்டிய ஒதச்சிட்டானே!"

அதன்பிறகு வலி கண்ட வீட்டிலிருந்து ஆள் வந்தால், தள்ளுவதற்கும் துணை கூட்டிக்கொண்டே வருவார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அப்பாவு மட்டும், பெண்டாட்டிக்கு வலி கண்டதும் பதறிப்போய்த் தனியாக வந்துவிட்டான். கஸ்பாரையும் ஆலிசையும் ஏற்றி, ஒற்றை ஆளாகச் சரிவு வரை தள்ளினான். கார் பிடித்துக்கொண்டது. பிடித்த கார் நிற்கவில்லை. அப்பாவு கத்திக்கொண்டே பின்னால் ஓடி, பிறகு ரப்பர் காட்டுக்குள் குறுக்கு வழியாக நடந்தான்.

தன் லயத்து வீட்டை அடைந்தபோது உள்ளே குழந்தை அழுகை. ஆலிஸ் துணியில் சுற்றிய பெண் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஒங்கள ஏத்த நிப்பாட்டியிருந்தா, நாங்க இன்னும் அங்கதான் நிப்போம் லா."