நூறு காட்டிய முள்

ஆசிரியர்களை அறிமுகப்படுத்தும் நாளில் யாரும் தங்கள் பட்டங்களைச் சொல்லக் கூடாது என்று தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஐந்து நிமிடம். மேடையில் ஒரு மேசை. தன் பாடத்திலிருந்து ஏதாவது ஒன்றைப் பெற்றோர் கண்முன் செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் அறிமுகம்.

குன்னூருக்கு மேலே, அறிவியலுக்கென்றே தொடங்கிய புதிய மேல்நிலைப் பள்ளி அது. சுவரில் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. பிள்ளைகளைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்தான் கூடத்தில் பெரும்பாலும் இருந்தார்கள். வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், குந்தா மின்நிலைய ஊழியர்கள், சிறு தேயிலை விவசாயிகள், எஸ்டேட் கணக்கர்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பியும் கொடுக்காமல் கையில் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நான் அங்கே போனது மாணவனின் தகப்பனாக அல்ல. இயற்பியல் ஆசிரியையின் தகப்பனாக.

அதற்கு முந்தைய வருடம் என் மகள் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டுவிட்டாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் செல்போனில் படம் பிடித்தான். திரும்பிய அவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. மலையிறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அலுவலக அறையில், சாக்பீஸைக் கையிலிருந்து விடாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு அழைத்து வந்தேன். அதன்பின் பல மாதங்கள் வெளியாட்களிடம் பேசவில்லை. மருந்துக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். நான்தான் பதில் சொல்வேன்.

இதையெல்லாம் அவளே தலைமை ஆசிரியையிடம் சொல்லித்தான் வேலை கேட்டிருக்கிறாள். அவரும் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார். அறிமுக நாளன்று காலையில் அவள் என்னிடம் சொன்னாள்:

"இன்னிக்கு அஞ்சு நிமிசம் நின்னு பேசிட்டேன்னா போதுங்கப்பா. முடியலைன்னா அவங்க போகச் சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நானே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்."

நான் சரி கண்ணு என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடி வெப்பமானி ஒன்று இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பம் பார்க்கும் சோதனை என்று அவள் சொல்லியிருந்தாள். எதற்கும் சரிபார்த்துவிடலாமே என்று அடுப்பில் தண்ணீர் வைத்து, தளதளவென்று கொதிக்கும்போது வெப்பமானியை விட்டேன். தொண்ணூற்று நான்கில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அசையவில்லை. புதுப் பள்ளிக்கு யாரோ பழுதான சாமானைத் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அவளிடம் சொன்னால் பதறுவாள். சொல்லாமல் விட்டால் மேடையில் மானம் போகும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர். இலை உள்ளே வந்ததிலிருந்து தூளாக மூட்டையில் போகும்வரை என் பொறுப்பு. தொழிற்சாலை எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரம். இலையை உலர்த்தும் ட்ரையரில் பொருத்துவதற்காக நாங்கள் அந்த வாரம்தான் சரிசெய்து வைத்த, வெப்பம் காட்டும் வட்ட முக மீட்டர் ஒன்று என் மேசையில் இருந்தது. அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பள்ளிக்குப் போனதும், மேடைக்குப் பின்னால் துணி போர்த்தி வைத்திருந்த அவளுடைய தட்டைக் கண்டுபிடித்தேன். அங்கே நின்ற ஆய்வக உதவியாளர் அம்மாவிடம், "டீச்சர் இதை மாத்தி வெக்கச் சொன்னாங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். கண்ணாடி வெப்பமானியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, மீட்டரைத் தட்டில் வைத்துத் துணியை மூடினேன். வந்து உட்கார்ந்தபோது பெரிய ஆபத்திலிருந்து மகளைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

முதலில் வேதியியல் ஆசிரியர் வந்தார். பால் சேர்க்காத அடர்த்தியான தேநீர்க் குவளையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். கறுப்பாக இருந்தது பொன்னிறமாக வெளுத்தது. "ஏன்னு சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் உங்க பிள்ளைங்க வந்து சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கணவர் வெலிங்டனில் ராணுவத்தில் இருக்கும் கணித ஆசிரியை, வெளியே நின்ற சில்வர் ஓக் மரத்தின் உயரத்தை நிழலை வைத்து அளக்கப் போகிறேன் என்று எல்லோரையும் வாசலுக்கு அழைத்தார். அந்த நேரம் பார்த்து, மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கி வெயிலை மூடிவிட்டது. "டீச்சர், நிழலு லீவு போட்டுருச்சுங்க!" என்று ஒருவர் கத்தினார். அவர் அசரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்து, அதில் மர உச்சி தெரியும்வரை பின்னால் நடந்து, அந்தத் தூரத்தைக் கொண்டு உயரத்தைச் சொன்னார். உயிரியல் ஆசிரியர் குந்தாப் பக்கத்துப் படகர் சமூகத்துக்காரர். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த மீனை அறுத்து, அதன் செவுளைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மூக்கைப் பொத்திய அம்மாக்களின் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

நான்காவது என் மகள்.

முதல் வாக்கியத்தில் குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு தெளிந்தது. மின் அடுப்பில் பீக்கர் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்? பெரியவங்களும் சொல்லலாம்."

"நூறு!" என்று கூடமே சொன்னது.

"உறுதியாவா?"

"அதெல்லாம் உறுதிதானுங்க!"

அவள் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! "சரி, பாத்துரலாம்" என்று துணியை விலக்கினாள். சிரிப்பு அப்படியே உறைந்தது. மீட்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கணம் கூடத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அதன் தண்டைத் தண்ணீரில் இறக்கினாள். மேலே பொருத்தியிருந்த கேமரா அதன் முகத்தைத் திரையில் காட்டியது. முள் ஏறி ஏறி, சரியாக நூறில் போய் நின்றது.

"நாங்கதான் அப்பவே சொன்னமே!" என்று ஒரு குரல். இன்னொருவர், "இதைப் பாக்கவா குந்தாவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்றார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

அவள் அசையாமல் நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். அலுவலக அறையில் நான் பார்த்த அதே தோள்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவள் காட்ட வந்ததே தொண்ணூற்று நான்கைத்தான். மலை உயரத்தில் தண்ணீர் நூறில் கொதிக்காது. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று கல்லூரித் தேர்வில் நானே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் தொழிற்சாலையில், ஒவ்வொரு வருடமும் மீட்டர்களைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் முக்கி, பின்பக்கத் திருகைத் திருகி முள்ளை நூறுக்குக் கொண்டுவருவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், நானும் செய்தேன். படித்ததையும் செய்ததையும் ஒருநாள்கூட நான் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

நான் எழப் போனேன். எழுந்து என்ன சொல்வது? நான் பேசினால் அவளுக்காக மறுபடியும் மருந்துக் கடையில் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடாதா? பேசாமல் இருந்தால் அவள் மேடையை விட்டு இறங்கிவிடுவாளே? தலைமை ஆசிரியை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் உதவிக்குப் போகவில்லை. அந்தச் சில நொடிகளில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

மகள் மீட்டரை மெதுவாகத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். உயிரியல் ஆசிரியர் பக்கம் திரும்பினாள்.

"சார், உங்க பெட்டியில ஐஸ் மிச்சம் இருக்குங்களா?"

"இருக்குது டீச்சர். மீன் வாசம் அடிக்கும், பரவாயில்லையா?"

"மீட்டருக்கு மூக்கு இல்லைங்க சார்."

அதற்குக் கிடைத்த சிரிப்பு வேறு மாதிரியான சிரிப்பு. அவள் ஒரு பாத்திரத்தில் ஐஸையும் தண்ணீரையும் போட்டுக் கலக்கினாள். மீட்டர் ஆறும்வரை கையில் பிடித்துக்கொண்டு, "உருகுற ஐஸ் எத்தனை டிகிரி?" என்று கேட்டாள்.

"சைபர்!"

"இதுவும் உறுதிதானா?"

இந்த முறை, "பாத்துட்டுச் சொல்றோமுங்க" என்றார் ஒருவர். மீட்டரை ஐஸுக்குள் விட்டாள். முள் இறங்கி இறங்கி ஆறில் நின்றது. அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஆறுதான்.

"ஐஸ் தண்ணியிலயே ஆறு கூட்டிச் சொல்ற மீட்டரு, கொதிக்கிற தண்ணியில எத்தனை கூட்டிச் சொல்லியிருக்கும்?"

முன்வரிசையில் ஒரு சிறுமி, "ஆறு! அப்ப தொண்ணூத்தி நாலு!" என்று கத்தினாள்.

"அப்ப இத்தனை பேரு நூறுன்னு சொன்னது?"

அவள் நிதானமாகக் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "என் தட்டுல ஒரு கண்ணாடி வெப்பமானி இருந்துச்சு. எடுத்தவங்க கொண்டாந்து குடுத்தா நல்லா இருக்கும்."

எழுந்து போய்க் கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினேன். மைக் முன்னால் நின்று சொன்னேன்: "அந்த மீட்டரு எங்க ஃபேக்டரியோடதுங்க. கொதிக்கிற தண்ணியில வெச்சு நாந்தான் நூறுக்குத் திருகி வெச்சேன். இது பழுதுன்னு நெனச்சு நானே மாத்திட்டேன். டீச்சருக்குத் தெரியாதுங்க."

"அதானுங்களா உங்க தூளு பச்சை வாசம் அடிக்குது!" என்றார் பின்னாலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி. எங்கள் தொழிற்சாலைக்கு இலை போடுபவர். மீட்டர் ஆறு கூட்டிச் சொன்னால் ட்ரையரில் சூடு ஆறு குறைவு; இலை சரியாக உலராது. கூடம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

என் மகள் சிரிக்கவில்லை. "உக்காருங்க சார். ஒத்துக்கிட்டதுக்கு நன்றி" என்றாள், மற்ற எந்தப் பெற்றோரிடமும் சொல்வதைப் போல. நான் போய் உட்கார்ந்தேன். இத்தனை வயதில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக உட்கார வைத்ததில்லை.

கண்ணாடி வெப்பமானி திரையில் தொண்ணூற்று நான்கு காட்டியது. பிறகு அவள் சொன்னாள்: "தண்ணி மேல காத்து உக்காந்து அமுக்கிட்டே இருக்கு. கீழ மேட்டுப்பாளையத்துல அமுக்குற ஆளு குண்டு. இங்க நம்ம மலையில அவன் எளைச்சவன். அதனால தண்ணி சீக்கிரமே துள்ளி எந்திரிச்சிருது."

ஒரு தகப்பன் எழுந்தார். "டீச்சர், அப்ப எங்கூட்ல பருப்பு வேகாம கெடக்கறதுக்கு எங்கூட்டம்மா மேல தப்பில்லீங்களா?"

"இல்லைங்க. குக்கர் வாங்கிக் குடுக்காத உங்க மேலதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து நின்று கைதட்டினார். பெண்கள் பக்கம் முழுவதும் தட்டியது. ஐந்து நிமிடம் என்பது இருபது நிமிடமாகியிருந்தது. தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

கூட்டம் முடிந்து நானும் மனைவியும் வாசலில் நின்றோம். மகளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். சுருட்டி வைத்திருந்த படிவங்களை விரித்துக்கொண்டு வந்தவர்கள், அலுவலகத்துக்குப் போகாமல் அவளிடம் நின்று ஏதேதோ கேட்டார்கள். ஊட்டியில் எத்தனை டிகிரி, தொட்டபெட்டா உச்சியில் எத்தனை, பொட்டைப் பிள்ளைக்குப் பிசிக்ஸ் வருமா. ஒவ்வொருவருக்கும் அவளே பதில் சொன்னாள். ஒருமுறைகூட வாசல் பக்கம் திரும்பி என்னைத் தேடவில்லை.

எங்கள் எஸ்டேட் வழியாகப் போகும் நாலு மணி பஸ் வந்து நின்றது.

"கூப்பிடுங்க அவளை. இதை விட்டா ஆறு மணிக்குத்தான்" என்றாள் மனைவி.

வாயெடுத்தேன். உள்ளே அவள் கையை மேலே தூக்கி, காற்று எப்படி அமுக்கும் என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கூப்பிட்டிருக்கக் கூடாது. நான் டிரைவரைப் பார்த்துக் கையசைத்தேன், நீங்க போங்க என்று.

பஸ் போனது. நாங்கள் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மனைவி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசட்டும் விடுங்க. ஆறு மணியானாலும் ஆகட்டும்" என்றாள்.