ஓரகத்தியின் தூக்கம்

ரேகாவுக்குப் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். மீன் விற்றுவிட்டு மத்தியானம் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டால் போதும், வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போவாள். எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி செல்லம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு எரியும்.

இருவரும் ஓரகத்திகள். திருவொற்றியூர்க் குப்பத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். செல்லம்மாவின் புருஷன் எத்திராஜ். அவன் தம்பி வெற்றி, ரேகாவின் புருஷன். அண்ணனும் தம்பியும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போனவர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் முகத்துவாரத்தில் ஓர் அலை படகைப் புரட்டிப் போட்டது. இருவரும் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள்.

அன்று காலை எத்திராஜுக்கு உடம்பு கொதித்தது. போகவில்லை என்றுதான் படுத்திருந்தான். ஊரே எறாலுக்குப் போகும்போது நீ மட்டும் போர்த்திக்கொண்டு படு என்று செல்லம்மா கத்தினாள். அவன் போர்வையை உதறிவிட்டு எழுந்து போனான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மீன் செதில் எடுக்கும்போதும், உலை வைக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் காலை அவளுக்குத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது ஓய்ந்தால் வேறொரு கவலை. மாத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் மலரின் புருஷன், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வேலைக்குப் போகிறானே, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

ரேகாவோ ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தலையில் பூ வைத்தாள். மீன் கூடைக்குப் பக்கத்தில் செல்போனில் பாட்டு வைத்துக் கூடவே முணுமுணுத்தாள். அவள் சிரிப்பதற்காகவே சிலர் அவளிடம் மீன் வாங்க வந்தார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த செல்லம்மாவின் கூடையில் ஈ மொய்த்தது. மலர் ஊரிலிருந்து வந்தாலும் செருப்பைக் கழற்றியதும் நேரே சித்தி மடியில்தான் போய்ப் படுப்பாள். என் மகளையும் எடுத்துக்கொண்டாளே என்று செல்லம்மா பல்லைக் கடிப்பாள். ஒரே நாளில் இரண்டு பேர் தாலியும்தான் போனது, இவளுக்கு மட்டும் எப்படி இது வாய்த்தது? கட்டின புருஷனை மறந்தவள் என்று தண்ணீர்க் குழாயடியில் செல்லம்மாவே பேச்சைக் கிளப்பிவிட்டாள். அது ரேகாவின் காதுக்கும் போயிருக்கும். ரேகா கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் நினைவு நாளுக்குப் படையல் போட்டார்கள். வெற்றிக்குப் பிடிக்கும் என்று ரேகா சுறாப் புட்டு செய்திருந்தாள். கும்பிட்டு முடித்து, இலை போட்டு உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். செல்லம்மாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"எப்டிடி துன்ற?" என்றாள். "அந்த ஆளு மேல உனக்கு ஆசையே இல்லியா?"

ரேகா கையை இலையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாமாவுக்கு அன்னிக்கு ஜொரம்" என்றாள். "நீ கத்தசொல்ல இவரு வெளிய நின்னுகினு இருந்தாரு. உள்ள வந்து, 'அண்ணி அனுப்பிட்ச்சிடி, நானும் கெளம்பறேன்'னு சிரிச்சிகினே சொல்ட்டு போனாரு. மாமா போவலேன்னா இவரும் போயிருக்க மாட்டாரு."

தன் புருஷனை அனுப்பியதையே நினைத்து உருகிக்கொண்டிருந்த செல்லம்மாவுக்கு, இன்னொருத்தியின் புருஷனையும் அனுப்பியது ஒரு நாளும் தோன்றியதில்லை.

"இது தெரிஞ்சிகினேவா என்கூட இருந்த?"

"மொத வருசம் ஃபுல்லா உன்ன பாக்கசொல்ல எல்லாம் அறையணும்னு இருக்கும். ஒரு நாள் அதே நெனப்புல வஞ்சரம் வெட்டிகினு இருந்தேன், வெரலு போயிருக்கும். அப்பதான் கத்திய மட்டும் பாத்து வெட்டுவோம்னு வெட்ட ஆரம்பிச்சேன். அவ்ளோதான்க்கா." சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆசை இல்லேன்னு மட்டும் சொல்லாத" என்றாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மீதிச் சோற்றைத் தின்று முடித்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று செல்லம்மாவுக்குத் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை. வெட்கம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பொறாமை இருந்தது. எல்லாம் தெரிந்தும் இவளால் தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. தன்னால் அது முடியாது. இரண்டு நாள் ரேகாவின் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில், "தப்பு பண்ட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள். ரேகா தலையாட்டிவிட்டு, புளி தீர்ந்துவிட்டது என்றாள்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போனார்கள். நல்ல கூட்டம். ஒரு கூடைச் சங்கரா மீனுக்காகச் செல்லம்மா முண்டியடித்து, தொண்டை கட்டும்வரை கத்தி, எடுத்தும்விட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வந்ததிலிருந்து அந்தக் காலை ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை என்பது உறைத்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேகா வந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு கூடைச் சங்கரா. செல்லம்மா எட்டிப் பார்த்தாள். தன்னுடையதைவிடப் பெரிய மீன், நல்ல சிவப்பு.

"எந்த போட்ல எடுத்த?" என்று கடுப்போடு கேட்டாள்.