சரித்திரத் தாளில் ஒரு பூச்சியம்

அந்தச் சம்பவம் நிகழ்வதற்கு முன் என் நிலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மூத்த மகன் நான். ஹட்டனில் ஒரு கல்லூரியில் ஆங்கிலத்தில் பயின்றேன். மூன்றாண்டுகள் தொடர்ந்து சரித்திரத்தில் முதல் மாணவன். வகுப்புத் தலைவனும் நானே. என் நேர்மையைப் பற்றி எவரும் ஒரு குறை சொன்னதில்லை.

தோட்டத் தமிழரை இந்தியர் என்று சொல்லி நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தார், சிங்களவர், கடைவீதி வணிகரின் பிள்ளைகள், தோட்டங்களிலிருந்து வந்த நாங்கள் நால்வர் என்று வகுப்பு கலந்திருந்தது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றி முன்கூட்டியே தீர்மானித்திருந்தோம். யாழ்ப்பாணத்தார் சூழ்ச்சிக்காரர் என்பது எங்கள் முடிவு; தோட்டத்தாருக்குப் படிப்பு ஏறாது என்பது அவர்களுடையது. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த சரித்திர ஆசிரியரும் ஒரு முடிவோடுதான் கப்பலேறியிருக்க வேண்டும்.

அவருடைய பரிந்துரை இருந்தால்தான் மேல் வகுப்பில் இடம். எனக்கு வேண்டியிருந்ததும் அந்த ஓர் இடந்தான். ஆண்டிறுதித் தாள்கள் திரும்பி வந்தபோது என்னுடையதில் பூச்சியம் இருந்தது. பாட நூலின் இரண்டு பக்கங்கள் காற்புள்ளிகூடப் பிசகாமல் என் விடையில் இருந்தனவாம், பார்த்து எழுதியிருக்கிறேனாம்.

இருந்தது உண்மை. பார்த்து எழுதியது பொய். தோட்டப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு புத்தகம். அவர் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். நெஞ்சில் நின்றதே எங்களுக்குச் சொந்தம். கற்றறிந்தவர் எழுதிய வாக்கியத்தை மாற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றே வளர்க்கப்பட்டேன்.

எழுந்து நின்று அந்த இரண்டு பக்கங்களையும் ஒப்புவித்தேன். ஒரு சொல் தவறவில்லை. ஆசிரியர் இறுதிவரை கேட்டார். பின்பு ஆங்கிலத்தில், இந்தியப் பிள்ளைகள் கிளிகளைப்போல் ஒப்பிப்பார்கள் என்று தமக்கு முன்பே சொல்லியிருந்தார்கள் என்றும், கிளிக்கு மதிப்பெண் இல்லை என்றும் சொன்னார். திங்கட்கிழமைக்குள் சொந்த நடையில் எழுதித் தந்தால் பரிசீலிப்பாராம். நோர்வூட்டில் பிறந்த நான் எப்படி இந்தியப் பிள்ளையானேன் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் யாழ்ப்பாணத்தான். சரித்திரத்தில் எப்போதும் இரண்டாமிடம். இடைவேளையில் அவனைத் தடுத்து நிறுத்தினேன்.

"நீதான போட்டுக் குடுத்த?"

"எனக்கென்ன விசரே? நீ பாடமாக்கினது எனக்குத் தெரியும். நாங்களும் ஊரிலை அப்பிடித்தான் படிச்சனாங்கள்."

"ஒங்க ஆளுங்க புத்தி எனக்குத் தெரியாதா?"

"தோட்டக்காட்டான் எண்டு சொல்லுறது சரிதான் போல."

சட்டையைப் பிடித்தோம். சிங்கள நண்பன் ஒருவன் இடையில் புகுந்தான். "என்ன மச்சான், ரெண்டு பேருக்கும் ஒரே பாஷை தானே. நான் மட்டும் தானே இங்க சண்டை இல்லாம இருக்கிறது."

மறுநாள்தான் தெரிந்தது: அந்த யாழ்ப்பாணத்தான் அன்று மாலையே ஆசிரியரிடம் தனியே சென்று, நான் பார்த்து எழுதவில்லை என்றும், அருகிலிருந்து தான் கண்டதாகவும் சொல்லியிருக்கிறான். அப்படியானால் நீயும் உடந்தையா என்று கேட்டு ஆசிரியர் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதைச் சிங்கள நண்பன் சொல்லக் கேட்டேன். நான் யாழ்ப்பாணத்தானிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஒரே வாங்குப் பலகையில் அருகருகே இருந்தபடி பருவத்தின் மிச்ச நாட்களை முடித்தோம்.

திங்கட்கிழமை நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் முதலில் எழுதியது களவென்று நானே ஒப்புக்கொண்டதாகும். இந்த நியாயத்தைக் கல்லூரி அதிபரிடம் சொன்னேன். அவர் ஆசிரியரின் முடிவே இறுதி என்றார். அப்பாவிடம் சொன்னேன். "எழுதித் தொலைச்சிருக்கலாமே தம்பி" என்றார். அவருக்கும் விளங்கவில்லை. மேல் வகுப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. கண்டியில் வேறொரு கல்லூரியில் ஓராண்டு பின்தங்கிச் சேர்ந்து படித்து முடித்தேன்.

மேசைக்குள் புத்தகம் வைத்து எழுதிப் பிடிபட்டேன் என்றும், கல்லூரி என்னை விலக்கியது என்றும் இன்றும் சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். மேசைக்குள் புத்தகம் எதுவும் இருக்கவில்லை. கல்லூரி என்னை விலக்கவுமில்லை. கல்லூரியை விட்டுப் போக விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியவன் நான்.