பத்தொன்பது துணி முடிச்சுகள்: வடக்கனந்தலில் இருந்து கல்வராயன் மலைக்கு

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அருவிக்கும் படகுக்கும்தான் போகிறார்கள். நான் போனது, செய்த தப்பைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று பார்க்க. இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வழி, நேரம், செலவு மட்டும் போதும் என்பவர்கள் அந்த இடங்களை மட்டும் படித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சென்னையில் ஒரு சிறிய தனியார் நூலகத்தின் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மறைந்த எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதி, நாட்குறிப்பு, கடிதம் இவற்றை வீட்டாரிடம் வாங்கி, பூச்சி அரிக்காமல் பாதுகாத்து, படிக்க வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. மூன்று வருடத்துக்கு முன் வடக்கனந்தலில் தங்கவேலு வாத்தியாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மலைமேல் ஓராசிரியர் பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவர். மலை மக்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல எழுதி வைத்தவர். உயிரோடு இருந்தவரை ஒரு புத்தகம்கூடப் போடவில்லை.

பெட்டிக்குள் பத்தொன்பது கட்டுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துணிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது. பழைய துணி என்றாலே எங்கள் ஆட்களுக்கு ஆகாது. ஈரம் இழுக்கும், சாயம் இறங்கும், பூச்சி குடியேறும். நான் பத்தொன்பது முடிச்சையும் அவிழ்த்தேன். துணிகளை மூலையில் குவித்து, எரித்துவிடும்படி அவர் மகள் வளர்மதியிடம் சொன்னேன். தாள்களை எல்லாம் கலந்து விஷயவாரியாகப் பிரித்தேன். சாலை வருவதற்கு முன், பஞ்ச காலம், கல்யாணம், காடு என்று எட்டு உறைகள், எட்டுத் தலைப்புகள். அன்று எனக்கு என்மேலேயே அவ்வளவு திருப்தி. அன்று ஒரு போட்டோகூட எடுக்கத் தோன்றவில்லை.

சென்ற மார்கழியில், பெட்டியோடு வந்த அவருடைய நாட்குறிப்பைப் படிக்கும்போதுதான் செய்த தப்பு தெரிந்தது. காகிதத்தில் பெயர் ஏறினால் வம்பு என்று மலையில் எல்லோரும் பயந்ததால், அவர் யார் பெயரையும் எழுதவில்லை. அதற்குப் பதில், கதை சொன்னவரிடம் அவர் உடுப்பிலிருந்தே ஒரு கிழிசல் வாங்கி, அவர் சொன்னதை அதனாலேயே கட்டி வைத்திருக்கிறார். எந்தக் கதை யாருடையது என்பதற்கு அந்தத் துணியைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. காகிதங்கள் வந்த வரிசையைக் குலைக்காதே என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதை நானே பயிற்சி வகுப்புகளில் பாடம் எடுத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை கிளம்பினேன். பையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஜெராக்ஸ். கிளாம்பாக்கத்தில் காலை 5.15க்கு பஸ். உளுந்தூர்பேட்டை வரை நெடுஞ்சாலை வழுக்கிக்கொண்டு போகிறது, தூங்கலாம். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது மணி 10.20. பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லியும் ஒரு காபியும் 60 ரூபாய். மலை பஸ்கள் உண்டு, ஆனால் நேரத்தை நம்ப முடியாது. ஒரு நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் வண்டி பிடிப்பது நல்லது. பாஷா பாய் என்பவரின் பழைய ஜீப்பைப் பேசினேன். நாள் முழுக்க, காத்திருப்பு உட்பட 2,800 ரூபாய்.

"அருவிக்கா சார், போட்டுக்கா?" என்றார்.

"ரெண்டும் இல்ல பாய். ஒரு வாத்தியார் எழுதி வச்ச பேப்பர் விஷயமா."

"பேப்பருக்கா இம்மாந் தூரம்? எங்க வூட்ல பேப்பர எடைக்குப் போட்டாத்தான் சார் நிம்மதி" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

வடக்கனந்தல் பதினைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் முன்னால் போனதால் நாற்பது நிமிடம் ஆனது. வளர்மதி அங்கன்வாடியில் வேலை செய்கிறார், அன்று வீட்டில் இருந்தார். நான் கேட்க வந்ததைப் போனிலேயே கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை. மோர் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"அந்தத் துணிங்க எதுனா மிச்சம் இருக்குங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதானே சார் எரிக்கச் சொன்னீங்க? அன்னிக்கே வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

"அப்பா அதப் பத்தி எதுனா சொல்லியிருந்தாரா?"

"ஒண்ணும் சொன்னதில்ல. ஆனா யாரயும் தொட வுடமாட்டாரு. இன்னாத்துக்கு இந்தக் கந்தலக் கட்டிக்கினு அழுவுறாருன்னு அம்மா திட்டிக்கினே இருக்கும். நீங்க இதே வேலயா இருக்கறவரு, உங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

மகளைவிட, ஏன் வாத்தியாரைவிட எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். நாட்குறிப்பில் படித்ததைச் சொன்னதும் அவர் எழுந்து போய்த் தன் செல்போனைக் கொண்டுவந்தார். அன்று பெட்டி திறந்தபோது அவர் ஒரு போட்டோ எடுத்திருந்தார். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஒரு கட்டு, அதைச் சுற்றி மஞ்சள் கரை வைத்த அரக்கு நிறத் துணி. மற்ற கட்டுகள் பெட்டி இருட்டில் தெரியவில்லை. படத்தை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன்.

"மலையில அலமேலுன்னு ஒருத்தவங்க இருக்காங்க சார், அப்பாகிட்ட படிச்சவங்க" என்றார் வளர்மதி. "பொங்கலுக்குப் பொங்கல் சாமை எடுத்துக்கினு வருவாங்க. எங்கம்மா சொன்னத வாத்தியாரு எழுதினாரே, ஒருதரம் படிச்சிக் காட்டுன்னு கேப்பாங்க. அவங்களுக்கு ஒம்போது வயசுல அம்மா செத்துடுச்சி. ஒரு போட்டோகூட இல்ல. சென்னையில பத்திரமா அடுக்கி வச்சிருக்காங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

12.30க்கு அங்கிருந்து கிளம்பினோம். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. செக்போஸ்ட்டில் நோட்டை நீட்டி ஊரும் பெயரும் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரளுகிறவர்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள். வெள்ளிமலைப் பக்கம் குளிர்காற்று, தை மாதத்துக்கு ஒரு சால்வையாவது வேண்டும். அலமேலு அம்மாவின் ஊருக்கு மொத்தம் 34 கிலோமீட்டர், கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயரைக் கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள். வாத்தியார் எழுதாமல் விட்டதை நான் எழுதப் போவதில்லை.

2.40க்குப் போய்ச் சேர்ந்தேன். அலமேலு அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வளர்மதி போனில் சொல்லியிருந்ததால் வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

"எடுத்தாந்துட்டீங்களா?" என்றார்.

"எடுத்தாந்திருக்கேங்க. ஆனா எல்லாம் கலந்துபோச்சு. எது உங்கம்மாவோடதுன்னு நீங்கதான் சொல்லணும்." எப்படிக் கலந்தது என்பதைச் சொல்லவில்லை. கறையான்மேல் பழி விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கேட்டா தெரிஞ்சிடும்" என்று பாய் போட்டார். "பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்குனதச் சொல்லிச்சி. நான் பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன்."

டோலி கதைகள் நான்கு இருந்தன. எல்லாம் என் கைங்கரியத்தில் ஒரே உறைக்குள். முதலாவதைப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "இதான், இதான்" என்று என் கையைப் பிடித்தார். நியாயமாக அத்துடன் எழுந்திருக்கலாம். கடமையைச் செய்கிறேன் என்று இரண்டாவதையும் படித்தேன். "இல்ல, இதுதான் போலகீது" என்றார். நான்காவது முடிந்தபோது கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலுலயும் வாத்தியாருதான் பேசுறாரு. எங்கம்மா பேசக் காணோமே."

உண்மைதான். வாத்தியார் எல்லோர் பேச்சையும் தன் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றித்தான் எழுதியிருக்கிறார். அது அவர் காலத்து வழக்கம். அவர் தமிழில் காணாமல்போன ஆளை அடையாளம் காட்டத்தான் துணி இருந்தது.

அலமேலு அம்மா எழுந்து உள்ளே போய், ஒரு மஞ்சப் பையிலிருந்து மடித்த புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். அரக்கு நிறம், மஞ்சள் கரை. ஒரு மூலையில் முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இதுலதான் கிழிச்சிக் குடுத்துச்சி. பின்னால எப்பனா சந்தேகம் வந்தா ரெண்டயும் ஒட்டவச்சிப் பாரு, தெரிஞ்சிடும்னு வாத்தியாரு சொன்னாரு. அந்தத் துணி எங்க சார்?"

போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "தோ! எங்கம்மா பொடவ!" என்று விரலால் தொட்டார். தொட்டதில் படம் பெரிதாகி, துணியும் முடிச்சும், முடிச்சின்மேல் இருந்த விரல்களும் திரை முழுக்க நிறைந்தன.

"இது யாரு கையி?"

"என் கைதாங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எரிக்கச் சொன்னதையும் சேர்த்து. அவமானமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. புடவையை வெகு நேரம் மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாலயும் வச்சிட்டுப் போங்க. எதுனா ஒண்ணு எங்கம்மாதுதானே" என்றார். நான்கையும் வாங்கிப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, வரக்காப்பி போட உள்ளே போனார்.

4.45க்கு இறங்கினோம். "கெடச்சுதா சார்?" என்றார் பாஷா பாய். இல்லை என்றேன். கச்சிராயபாளையத்தில் வண்டியை நிறுத்தி, நான் கேட்காமலே ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கள்ளக்குறிச்சி வர 6.40.

இதே வேலையாகப் பெட்டிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு: எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள், மூடிய பெட்டியில் இருந்து தொடங்கி. கயிறு, துணி, ரப்பர் பேண்டு, உறைமேல் கிறுக்கிய கணக்கு, எல்லாவற்றையும் காகிதத்தோடு எண் போட்டு வையுங்கள். பூச்சி பயம் இருந்தால் தனி உறையில் போடுங்கள். வீட்டார் ஒன்றைத் தொடத் தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் வளர்மதி தன் அப்பாவின் பிடிவாதத்தையாவது சொல்லியிருப்பார், நானும் யோசித்திருப்பேன்.

திரும்பி வந்ததும் எங்கள் பட்டியலின் முதல் பக்கத்தில், இந்த வரிசை எழுத்தாளருடையது அல்ல, என்னுடையது, பத்தொன்பது பேரின் அடையாளம் என்னால் அழிந்தது என்று எழுதி வைத்தேன். நூலகத்துக்கே கெட்ட பெயர், எடுத்துவிடு என்றார் மேலாளர். எடுக்கவில்லை.

அந்த நான்கு கதைகளின் மூலப் பிரதிகள் என் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் எடுத்துப் படிக்கிறேன். நான்கையும் சொன்னவர்கள் நான்கு பெண்கள்: டோலியின் முன்பக்கம் தூக்கியவள், பின்பக்கம் தூக்கியவள், விளக்கு பிடித்தவள், உள்ளே படுத்திருந்தவள். இவள்தான் அலமேலுவின் அம்மா என்று ஒவ்வொரு முறையும் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறேன். பிறகு அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உறைக்குள் வைத்து மூடிவிடுகிறேன்.